பாதி உண்மையை விற்கச் சொல்கிறார்கள், விற்கிறேனா என்று ஒட்டுக்கேட்கவும் செய்கிறார்கள்: சட்டப்படி இது சரியா?

உம்லங்கா_இரவுப்பணி (செவ்வாய், இரவு 10:15)

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், உம்லங்கா பக்கம் ஒரு கால் சென்டரில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து. வீட்டு ஃபைபர் இணைப்பு விற்கிறோம். கம்பெனி பெயர் வேண்டாம்.

எங்களுக்கு ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. முதல் வரியே "உங்களுக்கு மூன்று மாதம் இலவசம், ரௌட்டரும் இலவசம்" என்றுதான் ஆரம்பிக்கும். நான்காவது மாதத்திலிருந்து மாதம் 699 ரேண்ட், 24 மாத ஒப்பந்தம், நடுவில் விட்டால் ரௌட்டருக்கு 1,800 ரேண்ட் கட்ட வேண்டும். இதெல்லாம் வாடிக்கையாளர் வாய்விட்டுக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் "விதிமுறைகள் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும்" என்று தாண்டிப் போய்விட வேண்டும்.

போன மாதம் ஒரு வயதான அம்மா. பின்னால் ரேடியோ ஓடுகிறது, பேரக்குழந்தை அழுகிறது. "அப்படியானால் நான் எதுவும் கட்ட வேண்டாம், இல்லையா?" என்று கேட்டார். கேள்வி கூட இல்லை அது, நம்பிக்கை. எனக்கு மனசு கேட்கவில்லை. நான்காவது மாதக் கதையைச் சொல்லிவிட்டேன். நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார். விற்பனை போச்சு.

இரண்டு நாள் கழித்து டீம் லீடர் கூப்பிட்டு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். "நான்கு நிமிடம் பத்து வினாடியில் ஸ்கிரிப்ட்டை விட்டு விலகியிருக்கிறாய்." அதோடு விடவில்லை. லேப்டாப்பில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் மென்பொருள் இருக்கிறதாம். அதில் ஒரு படத்தில் என் வாட்ஸ்அப் திறந்திருக்கிறது: என் அம்மாவின் சர்க்கரை ரிப்போர்ட்டை அக்கா அனுப்பியிருந்தாள். அளவு, தேதி, ஆஸ்பத்திரி முத்திரை எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அதை மேசைமேல் அச்சடித்து வைத்திருந்தார்கள். இன்னொரு தாளில், மவுஸ் பதினோரு நிமிடம் அசையவில்லை என்று சிவப்புக் கோடு.

வரும் வாரம் வியாழக்கிழமை விசாரணை. குற்றச்சாட்டு இரண்டு: ஸ்கிரிப்ட்டை மீறியது, வேலை நேரத்தில் சொந்த வேலை. எனக்குக் கைகால் ஓடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_ஒருவன் (செவ்வாய், இரவு 10:31)

சேரும்போது கையெழுத்துப் போட்டிருப்பாய். லேப்டாப் அவனுடையது, சம்பளம் அவனுடையது. கதை முடிந்தது.

சாட்ஸ்வர்த்_ஆன்ட்டி (செவ்வாய், இரவு 11:02)

தம்பி, நீ நல்ல பிள்ளை. எனக்கு இப்படி ஒரு ஃபோன் வந்தபோது உன்னைப் போல யாரும் சொல்லவில்லை. "ஃப்ரீ, ஃப்ரீ" என்றான் ஒருவன். நானும் சரி என்றேன். இப்போது மாசா மாசம் வங்கியில் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

என் தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் இங்கேயே பிறந்தவள், ஞாயிற்றுக்கிழமைக் கோயில் வகுப்பில் படித்த தமிழ்தான்.

பிரிட்டோரியா_கறுப்புக்கோட்டு (புதன், காலை 6:40)

தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறேன். இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பாமல் தனித்தனியாகப் பார்க்கலாம். முதலில் ஸ்கிரிப்ட். தம்பி அதைத்தான் பலவீனமான பக்கம் என்று நினைக்கிறார். என் கணக்கில் அதுதான் அவருடைய பலம்.

2008ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2011இல். பிரிவு 29, பொருளின் விலையிலோ தன்மையிலோ பயனிலோ ஏமாற்றும் விதமாக விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. இது பொதுவானது. கூர்மையானது பிரிவு 41. பொய் சொல்வதை மட்டும் அது தடுக்கவில்லை. முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டு, அந்த விடுதலே ஏமாற்றாகிவிட்டால் அதற்கும் தடை. வாடிக்கையாளர் தப்பாகப் புரிந்துகொண்டது கண்ணுக்குத் தெரிந்தும் திருத்தாமல் இருப்பதற்கும் தடை.

"நான் எதுவும் கட்ட வேண்டாம், இல்லையா?" என்ற அந்த அம்மாவின் வாக்கியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தப்பான புரிதல் இதைவிட வெளிப்படையாக இருக்க முடியுமா? அதைத் திருத்துவதுதான் சட்டம் கேட்பது. தம்பி திருத்தினார்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, நிறுவனத்தின் சார்பாகப் பேசுபவருக்கும் அதே தடையைப் போடுகிறது. அதாவது ஹெட்செட் மாட்டிக்கொண்டு வாசிப்பவருக்கும். "மேலே சொன்னார்கள், வாசித்தேன்" என்பது முழுக் கவசம் ஆகாது. ஊழியர் வேலையின்போது செய்ததற்கு முதலாளியும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது பிரிவு 113. வழக்கு நுகர்வோர் தீர்ப்பாயம் வரைக்கும் போனால் அபராதம் ஆண்டு வருவாயில் 10 சதவீதம் அல்லது 10 லட்சம் ரேண்ட், இரண்டில் எது அதிகமோ அதுவரை போகலாம்.

சட்டத்தை மீறும் உத்தரவுக்குக் கீழ்ப்படியவில்லை என்று ஒருவரைத் தண்டிப்பது நியாயமான ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. விசாரணையில் இந்த ஒரு வாக்கியத்தை நிதானமாகச் சொல்லுங்கள் போதும்.

மீதி சாயங்காலம். நீதிமன்றம் போக வேண்டும்.

சும்மா_ஒருவன் (புதன், காலை 8:12)

மேடம், விளம்பரம் என்றால் கொஞ்சம் ஏற்றிச் சொல்வதுதானே? ரோபோட்டில் (சிக்னலில்) வண்டி நின்றால் கண்ணாடி வழியாக ஒரு சீட்டு உள்ளே வரும். ஓடிப்போன மனைவி திரும்பி வருவாள், லாட்டரி விழும், கோர்ட் கேஸ் ஜெயிக்கும், எல்லாம் ஒரே மருத்துவர். அவரை யார் பிடித்தார்கள்?

கம்பிவேலை (புதன், காலை 8:30)

கோர்ட் கேஸையும் அவரே ஜெயித்துக் கொடுக்கிறார் என்றால் மேடத்துக்கு வேலை போய்விடும் போலிருக்கிறதே.

பிரிட்டோரியா_கறுப்புக்கோட்டு (புதன், மாலை 5:55)

:) அந்தச் சீட்டுகளை என் காரிலும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

கேள்வி நியாயமானது. "ஊரிலேயே ருசியான பன்னி சாவ்" (ரொட்டிக்குள் கறி) என்று கடைக்காரர் எழுதினால் அது மிகைப்பேச்சு, யாரும் அளந்து பார்க்க முடியாது. "மூன்று மாதம் இலவசம்" என்பதை அளக்கலாம். அளக்கக்கூடிய எதையும் விளம்பரத்தில் போட்டால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும் என்பது விளம்பர ஒழுங்கு வாரியத்தின் விதி. பழைய அமைப்பு 2018இல் கடனில் மூழ்கிப்போன பிறகு வந்தது இந்த வாரியம். பொதுமக்கள் புகார் கொடுக்கக் காசு வேண்டாம்.

வாரியம் அரசு அமைப்பு இல்லை, விளம்பரத் துறையே நடத்துவது. உறுப்பினரே இல்லாதவரை வாரியம் எப்படிக் கேட்கலாம் என்ற கேள்வி ஒரு சோப்பு நிறுவனத்தின் வழக்கில் எழுந்தது. உறுப்பினர் அல்லாதவரின் விளம்பரத்தையும் வாரியம் பார்த்து, வெளியிட வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்குச் சொல்லலாம் என்று 2022இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தொலைக்காட்சியும் பத்திரிகையும் உறுப்பினர்கள் என்பதால் அது போதும், விளம்பரம் படுத்துவிடும். ரோபோட் மருத்துவருக்குத் தொலைக்காட்சி தேவையில்லை, அதனால் தப்பிக்கிறார்.

சாட்ஸ்வர்த்_ஆன்ட்டி (புதன், மாலை 6:20)

மேடம், தீபாவளிக்கு முன்னால் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நெய் டப்பா ஷெல்ஃபில் 149, டில்லில் (பில் போடும் இடத்தில்) 179. கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுகிறது" என்றாள் அந்தப் பெண். வரிசையில் பின்னால் நின்றவர்கள் என்னை முறைக்கிறார்கள். கொடுத்துவிட்டு வந்தேன்.

பிரிட்டோரியா_கறுப்புக்கோட்டு (புதன், மாலை 6:48)

கொடுத்திருக்க வேண்டாம் ஆன்ட்டி. பிரிவு 23: காட்டிய விலைக்கு மேல் வாங்க முடியாது, இரண்டு விலை இருந்தால் குறைந்ததுதான். 14,999 ரேண்ட் டிவியில் யாரோ 14.99 என்று ஒட்டியது போல அப்பட்டமான தவறாக இருந்தால் மட்டும் கடைக்காரர் திருத்தி, அதைச் சொல்லிவிட்டுத் தப்பலாம். நெய்யில் 30 ரேண்ட் அப்படி இல்லை. அடுத்த முறை ஷெல்ஃபை ஒரு படம் எடுத்துக்கொண்டு டில்லுக்குப் போங்கள். முறைப்பவர்கள் முறைக்கட்டும்.

எச்ஆர்_மிட்ராண்ட் (புதன், இரவு 9:05)

மறுபக்கத்திலிருந்து கொஞ்சம் பேசுகிறேன், திட்டாதீர்கள். நான் எச்ஆரில் இருக்கிறேன், கால் சென்டர் இல்லை, கிடங்கு.

கண்காணிப்பு என்றாலே கெட்டது இல்லை. அழைப்பைப் பதிவு செய்யாவிட்டால் நாளைக்கு வாடிக்கையாளர் "நான் சரி சொல்லவே இல்லை" என்பார், ஊழியர் "சொன்னார்" என்பார். எங்கள் கிடங்கில் கேமரா இருந்ததால்தான் திருடாத ஒரு பையன் தப்பித்தான். இன்னொருவர் தலையில் விழ இருந்த பழியை அந்த வீடியோதான் துடைத்தது.

ஆனால் எல்லை இருக்கிறது. எங்கள் பயிற்சியில் 2011இல் சிசிஎம்ஏவுக்கு, அதாவது தொழிலாளர் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையத்துக்கு, வந்த இரண்டு வழக்குகளைச் சொல்வார்கள். ஒன்றில், ஊழியர்கள் முதலாளியைத் திட்டி ஃபேஸ்புக்கில் எழுதினார்கள், பூட்டாமல் எல்லோரும் பார்க்கும்படி விட்டிருந்தார்கள். வேலை நீக்கம் சரி என்று தீர்ப்பு. இன்னொன்றில், விடுப்பில் போன ஊழியரின் சொந்த ஜிமெயிலுக்குள் மேலதிகாரி நுழைந்து படித்து, அதை வைத்து நீக்கினார். அது செல்லாது. இரண்டிலும் எழுதியது முதலாளிக்கு விரோதம்தான். தெருவில் ஒட்டிய நோட்டீஸுக்கும் பூட்டிய பெட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான் தீர்ப்பை மாற்றியது.

தம்பி, உன் வாட்ஸ்அப் அதற்கு நடுவில் இருக்கிறது. பெட்டி உன்னுடையது, திறந்து வைத்த மேசை கம்பெனியுடையது.

கம்பிவேலை (புதன், இரவு 9:40)

ஜோகன்னஸ்பர்கில் இந்த மாதிரி மென்பொருட்களை நிறுவிக் கொடுக்கும் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

நிர்வாகத் திரையில் வரிசையாகப் பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பட்டை. பச்சை என்றால் மவுஸ் அல்லது விசை அசைகிறது. சிவப்பு என்றால் அசையவில்லை. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நீங்கள் வாடிக்கையாளரிடம் இருபது நிமிடம் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தாலும் கை சும்மா இருந்தால் சிவப்பு. மின்சாரம் போய் ரௌட்டர் அணைந்தாலும் சிவப்பு. மேனேஜர்கள் பட்டையைப் பார்ப்பார்கள், காரணத்தைப் பார்க்கப் பொறுமை இருக்காது.

ஸ்கிரீன்ஷாட்டுக்கு ஒரு அமைப்பு உண்டு: மங்கலாக எடு, அல்லது குறிப்பிட்ட செயலி திறந்திருந்தால் எடுக்காதே. ஒரே ஒரு பெட்டியில் டிக் போட்டால் போதும். கேட்ட வாடிக்கையாளர்கள் ரொம்பக் குறைவு. எத்தனை நாள் வைத்திருப்பது என்பதும் அப்படியே. பெரும்பாலும் மென்பொருள் வரும்போது என்ன இருக்கிறதோ அதையே விட்டுவிடுவார்கள்.

அப்புறம் ஒன்று. மவுஸைத் தானாக ஆட்டும் அந்தச் சின்னக் கருவியை வாங்கலாமா என்று யாராவது நினைத்தால், வேண்டாம். 2024இல் அமெரிக்காவில் ஒரு பெரிய வங்கி, விசைப்பலகை வேலை செய்வது போல நடித்ததற்காக ஒரு டஜனுக்கு மேல் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. கை அசையவில்லை என்பது சோம்பல். கருவி வைத்தால் அது நேர்மையின்மை. இங்கே விசாரணையில் இரண்டுக்கும் எடை வேறு.

உம்லங்கா_இரவுப்பணி (புதன், இரவு 10:10)

அந்தப் பதினோரு நிமிடம் நான் கழிவறையில் இருந்தேன் அண்ணா. வயிறு சரியில்லை. அதை எழுதிக் கொடுக்கவும் கூச்சமாக இருக்கிறது.

ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். "கம்பெனியின் கணினி மற்றும் தொலைபேசிப் பயன்பாடு கண்காணிக்கப்படலாம்" என்று ஒரே ஒரு வரி. ஸ்கிரீன்ஷாட் என்ற சொல்லே இல்லை. இதுவே போதும் என்பார்களா?

பிரிட்டோரியா_கறுப்புக்கோட்டு (வியாழன், காலை 6:15)

இப்போது இரண்டாவது பாதி.

அரசியலமைப்பின் பிரிவு 14 தனியுரிமை தருகிறது, நம் தகவல் தொடர்பின் தனியுரிமையும் அதில் சேர்த்தி. ஆனால் படுக்கையறையிலிருந்து கடைத்தெருவுக்கு வரவர அந்த உரிமையின் வட்டம் சுருங்கும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1996லேயே சொல்லிவிட்டது. அலுவலகத்தில் வட்டம் சின்னது, இல்லாமல் போவதில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும்போது அது எங்கே முடிகிறது என்பதுதான் இன்றைய சண்டை.

ரிக்கா சட்டம், 2002. சிம் கார்டு வாங்க அடையாள அட்டை கேட்கிறார்களே, அதே சட்டம்தான். அடுத்தவர் தகவல் தொடர்பை இடைமறிப்பது குற்றம்: 20 லட்சம் ரேண்ட் அபராதம் அல்லது 10 வருடம் சிறை வரை. விலக்குகள் உண்டு. பேசுபவர்களில் ஒருவர் எழுத்தில் சம்மதித்தால் சரி. வியாபாரத்துக்கான அமைப்பில், முன்கூட்டியே தெரியப்படுத்த நியாயமான எல்லா முயற்சியும் எடுத்திருந்தால் சரி. அழைப்புப் பதிவு இதில் அடங்கிவிடும், அதோடு மோதாதீர்கள். திரையில் ஏற்கனவே வந்து நிற்கும் செய்தியைப் படம் எடுப்பது இடைமறிப்பா இல்லையா என்று இரு பக்கமும் வாதாடலாம். அதில் இறங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

போப்பியாவைப் பிடியுங்கள். 2013இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2021 ஜூலை 1 முதல் எல்லோரும் கட்டாயம் பின்பற்ற வேண்டும். என்ன தகவல், எதற்காக எடுக்கிறோம் என்று தெரியப்படுத்த வேண்டும். "கண்காணிக்கப்படலாம்" என்ற ஒற்றை வரி அதற்குப் போதாது என்று நான் வாதாடுவேன். நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் எடுக்கக்கூடாது. தேவை முடிந்தபின் வைத்திருக்கக்கூடாது. உடல்நலத் தகவலுக்குத் தனிக் காப்பு, அதுவும் இங்கே ஊழியரின் அம்மாவுடையது! அவர் இந்தக் கம்பெனிக்கு எந்தச் சம்மதமும் கொடுக்கவில்லை. அதை அச்சடித்து மேசையில் வைத்தது பெரிய தப்பு.

போப்பியாவின் பிரிவு 71ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரின் வேலைத் திறனை இயந்திரம் மட்டுமே மதிப்பிட்டு, அதை மட்டுமே வைத்து அவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவு எடுக்கக்கூடாது. சிவப்புப் பட்டையை மட்டும் வைத்துத் தண்டித்தால் இது பேசும்.

விசாரணைக்கு முன் செய்ய வேண்டியது: அந்த அழைப்பின் முழுப் பதிவையும், நான்காம் நிமிடத்துத் துண்டை மட்டுமல்ல, எழுத்தில் கேளுங்கள். உங்களைப் பற்றி வைத்திருக்கும் ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் கேளுங்கள், போப்பியாவின் பிரிவு 23 அந்த உரிமை தருகிறது. சக ஊழியர் ஒருவரையோ ஷாப் ஸ்டூவர்டையோ (தொழிற்சங்கப் பிரதிநிதி) கூட்டிப் போங்கள். கழிவறை போனதைக் கழிவறை போனேன் என்றே சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டியது கேட்பவர்.

சும்மா_ஒருவன் (வியாழன், காலை 9:20)

எல்லாம் சரி, ஜெயித்து வந்தபிறகு வேறு காரணம் சொல்லி அனுப்பிவிட மாட்டார்களா? நான் பார்த்திருக்கிறேன். என் கதையே அதுதான்.

எச்ஆர்_மிட்ராண்ட் (வியாழன், மதியம் 1:10)

நடக்கும், மறுக்க மாட்டேன். அதனால்தான் ஸ்கிரிப்ட்டைப் பற்றிய கவலையை விசாரணைக்கு முன்னாலேயே மேலிடத்துக்கு ஒரு மின்னஞ்சலாக அனுப்பச் சொல்கிறேன். முறைகேட்டை வெளிப்படுத்துவோருக்கான பாதுகாப்புச் சட்டம் 2000இலேயே இருக்கிறது. நல்லெண்ணத்தோடு சொன்னதற்காக நீக்கினால் அது தானாகவே நியாயமற்ற நீக்கம், இழப்பீடு 24 மாதச் சம்பளம் வரை. சாதாரண வழக்கில் 12 மாதம்தான். கோபம் இல்லாமல் எழுது. எந்த வரி, எந்தச் சட்டம், எந்தத் தேதி. பத்து வரிக்கு மேல் வேண்டாம்.

பிரிட்டோரியா_கறுப்புக்கோட்டு (வியாழன், மாலை 6:02)

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நன்றி.

கூடவே: நீக்கினால் சிசிஎம்ஏவுக்கு 30 நாளுக்குள், எச்சரிக்கை மாதிரியான தண்டனை என்றால் 90 நாளுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை. விசாரணையை உங்கள் ஃபோனில் பதிவு செய்யலாம். பேச்சில் நீங்களும் ஒரு தரப்பு என்பதால் ரிக்கா அதைத் தடுக்காது. ஆனால் மேசைமேல் வைத்துவிட்டுச் செய்யுங்கள், சட்டைப்பையில் ஒளித்து வேண்டாம்.

கம்பிவேலை (வியாழன், மாலை 6:30)

அவர்கள் பதிவு, இவர் பதிவு. யாருடைய மைக் நல்லது என்று நான் வந்து பார்க்கிறேன்.

உம்லங்கா_இரவுப்பணி (அடுத்த வாரம் சனி, காலை 11:20)

வியாழன் முடிந்தது. இரண்டு நாள் தூங்கிவிட்டு எழுதுகிறேன்.

மின்னஞ்சலைத் திங்களே அனுப்பியிருந்தேன். முழுப் பதிவையும் விசாரணையில் போட்டார்கள். அந்த அம்மாவின் கேள்வி, குழந்தை அழுகை, அப்புறம் நான் சொல்வது. தலைமை தாங்கியவர் வேறு கிளையிலிருந்து வந்தவர். கேட்டுவிட்டு டீம் லீடரிடம், "இந்தக் கேள்விக்கு ஸ்கிரிப்ட்டில் என்ன பதில் இருக்கிறது?" என்றார். அவர் தாளைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். ஏசி சத்தம் மட்டும்தான். அப்படி ஒரு பதிலே ஸ்கிரிப்ட்டில் கிடையாது.

முதல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. இரண்டாவதுக்கு வாய்மொழி எச்சரிக்கை: வாட்ஸ்அப் ஃபோனில் மட்டும் வைத்துக்கொள். அதை ஏற்றுக்கொண்டேன், என்மேலும் தப்பு இருக்கிறது. அம்மாவின் ரிப்போர்ட் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கணினியில் இருப்பதை அழித்ததற்கு எழுத்தில் உறுதி கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.

நேற்று புது ஸ்கிரிப்ட் வந்தது. "நான்காவது மாதத்திலிருந்து 699 ரேண்ட்" சேர்ந்திருக்கிறது, பதினெட்டாவது வரியில். ஐந்து வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற வரியும் வந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் மென்பொருள் அப்படியே ஓடுகிறது. இதை என் ஃபோனில்தான் தட்டுகிறேன்.

சும்மா_ஒருவன் (சனி, காலை 11:34)

பதினெட்டாவது வரியா! அதற்குள் பாதிப் பேர் சரி சொல்லியிருப்பார்கள். பரவாயில்லை தம்பி. சந்தோஷம்.

சாட்ஸ்வர்த்_ஆன்ட்டி (சனி, மதியம் 12:15)

சாமி கும்பிட்டேன் உனக்காக. அந்த ஐந்து நாள் என்ன கணக்கு? எனக்கு யாரும் சொல்லவே இல்லையே. நான் சரி சொல்லி நாலு மாசம் ஆச்சு.

பிரிட்டோரியா_கறுப்புக்கோட்டு (சனி, மதியம் 12:50)

ஆன்ட்டி, அவர்களாகத் தேடி வந்து விற்றதை ஐந்து வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்பது நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 16. அந்த உரிமையை அவர்களே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பது பிரிவு 32. சொல்லவில்லை என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள். அதற்கு அவர்கள் மசியாவிட்டாலும் அதே சட்டத்தின் பிரிவு 14 இருக்கிறது: உங்களுடையதும் 24 மாத ஒப்பந்தம் என்றால் 20 வேலை நாள் நோட்டீஸில் முறிக்கலாம். நியாயமான கட்டணம் மட்டும் கேட்கலாம், மீதி இருபது மாதத்தையும் கேட்க முடியாது. அழைப்புப் பதிவின் நகலையும் கேளுங்கள், அதில் உங்கள் குரலும் இருக்கிறது.

சாட்ஸ்வர்த்_ஆன்ட்டி (சனி, மதியம் 1:05)

கேட்கிறேன். பதிவில் என் குரலுக்குப் பதிலாகக் குக்கர் விசில்தான் அதிகம் கேட்கும், அன்றைக்கு டால் வைத்திருந்தேன். உம்லங்கா தம்பி, அந்தக் கடிதத்தை இங்கிலீஷில் எழுதித் தர முடியுமா? பேத்திக்கு நேரம் இல்லையாம்.

உம்லங்கா_இரவுப்பணி (சனி, மதியம் 1:11)

அனுப்புங்கள் ஆன்ட்டி. இன்று எனக்கு விடுமுறை.